குடும்பத் தலைவருக்கு வயது ஏழு

‘கூடாது’ என்ற சொல் அவன் காதில் விழாமல் வளர்த்திருக்கிறார்கள். ‘கண்ணா, நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்பதுதான் அந்த வீட்டின் சுப்ரபாதம். இட்லியா தோசையா என்றால் நூடுல்ஸ் என்பான். அம்மா பக்கத்தில் மண்டிபோட்டு, அவன் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை இறக்கி, இட்லியின் தரப்பு நியாயங்களை எடுத்துச் சொல்வாள். பத்து நிமிடத்தில் நூடுல்ஸ் ரெடி. (இரண்டு நிமிடம் நூடுல்ஸுக்கு, எட்டு நிமிடம் ஜனநாயகத்துக்கு.)

இந்த ரகப் பெற்றோரை ஹால் அலமாரியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஜிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’, ‘டோட்டோ-சான்’, ஏ.எஸ். நீலின் ‘சம்மர்ஹில்’. எல்லாம் அருமையான புத்தகங்கள். பிரம்படி பட்டு வளர்ந்தவர்கள், பிள்ளைக்கு அது வேண்டாமென்று நினைப்பதில் தப்பே இல்லை. அலமாரியின் கீழ்த்தட்டுகள்தான் காலி. அங்கிருந்த பீங்கான் சாமான்களை அவன் ஆராய்ச்சி செய்து முடித்துவிட்டான்.

இப்படிச் செல்லம் கொடுப்பது புதுசும் இல்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் என்ற அரசியல்வாதி, சுவரை வெடி வைத்துத் தகர்ப்பதைக் காட்டுவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பையன் வருமுன்பே சுவர் விழுந்துவிட்டது. மறுபடி கட்டி, மறுபடி தகர்த்தார் என்பார்கள். அந்த மகன் சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் பின்னாளில் நாடாளுமன்றத்தைக் கலக்கிய பேச்சாளர். அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர். சூதாடி லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் வைத்து, அதை அப்பா தலையில் கட்டியவரும் அவரே.

நீல் 1921-இல் தொடங்கிய சம்மர்ஹில் பள்ளியில் வகுப்புக்குப் போவது பிள்ளைகள் இஷ்டம். ஆனால் கூட்டம் போட்டு அவர்களே இயற்றிய சட்டங்கள் ஏராளம். மீறினால் அபராதம், சில சமயம் சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு கிடையாது. தன் புத்தகத்தைப் படித்த அமெரிக்கப் பெற்றோர் பிள்ளைகளை அவிழ்த்துவிட்டதைப் பார்த்து, சுதந்திரம் வேறு, இஷ்டத்துக்கு ஆடுவது வேறு என்று விளக்க 1966-இல் இன்னொரு புத்தகமே போட்டார். அது இந்த அலமாரியில் இல்லை. சம்மர்ஹில் கூட்டத்தில் நீலுக்கும் ஒரு ஓட்டு, ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு. இங்கே இரண்டு ஓட்டு ஒரு ஓட்டிடம் தோற்கும்.

ஊரிலிருந்து வரும் பாட்டி மட்டும், ‘டேய், தட்டை எடுத்துட்டுப் போ’ என்பாள். எடுத்துக்கொண்டு போவான். ‘அத்தை, அவன்கிட்ட காரணம் சொல்லலையே நீங்க’ என்று மருமகளுக்குத்தான் வருத்தம்.

விருந்தாளிகளிடம் அப்பா சம்மர்ஹில் மகிமையைச் சொன்னபோது, சோஃபாவுக்குப் பின்னாலிருந்து பையன் கேட்டுக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை காலை வேன் ஹாரன் அடிக்கிறது. இவன் ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பா கீழே இறங்கிப் போனார்.

‘பையன் இன்னிக்கு வரலை.’

‘காய்ச்சலா சார்?’

‘இல்லைங்க... விருப்பமில்லையாம்.’