அப்பாவின் கடிதக் கம்பி

இறந்துபோன தகப்பனாரின் வரலாற்றை எழுத உட்காரும் பிள்ளைக்கு முதல் இடைஞ்சல் அந்தத் தகப்பனார்தான். சார்லஸ் டார்வின் 1882இல் காலமானார். மகன் பிரான்சிஸ் கடிதம் தேடினால், பெரியவர் தமக்கு வந்தவற்றை நம் வீட்டுத் தாத்தாக்களைப் போலவே கம்பியில் குத்திவைத்து, கம்பி நிறைந்ததும் கொளுத்தியிருக்கிறார். 1862க்கு முந்தியவை பெரும்பாலும் சாம்பல். அவர் எழுதியவை நல்லவேளையாக நண்பர்களிடம் பத்திரமாக இருந்தன. ஆனால் பலவற்றில் வருடத்தைக் காணோம். தெற்கு இங்கிலாந்தின் வீல்டு நிலப்பகுதி தேய்ந்து அரிபட 30 கோடி ஆண்டு பிடித்திருக்கும் என்று கணக்குப் போட்ட மனிதருக்கு, நடப்பு ஆண்டை எழுத மட்டும் மை போதவில்லை போலும்.

அடுத்தது அம்மா. கணவரின் தன்வரலாற்றில் மதம் பற்றிய பேச்சு எம்மாவுக்கு உறுத்தியது, எடுத்துவிடச் சொன்னார். அம்மா பேச்சை மீறி அச்சகம் போகும் பிள்ளை பரிணாமத்தில் இன்னும் தோன்றவில்லை. 1887இல் தன்வரலாற்றையும் சேர்த்து மூன்று பாகங்களாகப் புத்தகம் வந்தது, கத்தரித்தபடியே. வெட்டியதைப் பேத்தி நோரா பார்லோ 1958இல்தான் திரும்பச் சேர்த்தார். கோபித்துக்கொள்ள டார்வினின் பிள்ளைகளில் அப்போது ஒருவரும் உயிரோடு இல்லை.