ஒன்றரைச் சுற்று அண்ணன்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஊருக்குச் சிலர் இப்படி உண்டு. வயது ஐம்பதை ஒட்டி. சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் குட்டி ஸ்குரூ டிரைவர். வாசலில் யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. எந்த அண்ணனைக் கேட்டாலும் தன்னுடையது மட்டும் ‘ஒரிஜினல் ஜப்பான் இன்ஜின்’ என்பார். எல்லா அண்ணன்களையும் நம்பினால், அதை இங்கே தயாரித்த எஸ்கார்ட்ஸ் கம்பெனிக்காரர்கள் பத்து வருஷம் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும்.

ஞாயிறு காலை கார்புரேட்டர் நேரம். பெரம்பலூர் அண்ணன் இன்ஜினைச் சூடாக்கி, ஏர் ஸ்குரூவை முழுக்க உள்ளே திருகி, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பார். உள்ளே போனால் காற்று குறைந்து பெட்ரோல் மிகும். வெளியே வந்தால் காற்று மிகும். அடுத்து பிளக்கைக் கழற்றி வெயிலில் காட்டுவார். கருப்பென்றால் பெட்ரோல் அதிகம். வெளுப்பென்றால் குறைவு, அப்படியே முறுக்கினால் பிஸ்டன் ஜாம். காபிப்பொடி நிறம் வந்தால்தான் அண்ணன் முகத்தில் சிரிப்பு. வந்த சிரிப்பும் அரை மணிதான்.

“அண்ணே, நல்லாத்தானே ஓடுது?”

“ஓடுறது வேற தம்பி, ஓட்டம் வேற.”

மறுபடி ஸ்குரூ டிரைவர்.

அரியலூர் அண்ணனோ ஒன்றரையை ஏற்கமாட்டார். சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பும் தூசியில் ஏர் ஃபில்டர் அடைக்கும், காற்று குறையும். அதனால் அவர் கணக்கு ஒன்றே முக்கால். இருவரும் ஒரு கல்யாணத்தில் சந்தித்தால் அந்தக் கால் சுற்று தீரும்வரை பந்தியில் இலை காயும். அரியலூர் மாவட்டம் 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது, 2002-இல் சேர்ந்தது, 2007-இல் மறுபடி பிரிந்தது. அண்ணன்களின் கார்புரேட்டர் ஒரே வாரத்தில் அத்தனையும் பார்த்துவிடும்.

இங்கிலாந்தில் பழைய எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும் இந்தச் சாதிதான். அதில் கார்புரேட்டர் இரண்டு. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொன்றின் வாயிலும் காட்டி, இரண்டும் ஒரே அளவில் காற்றை இழுக்கின்றனவா என்று கேட்பார்கள். நம் அண்ணனிடம் இதைச் சொன்னேன். “ரெண்டா!” என்றார். அந்தக் கண்களில் அப்படியொரு ஏக்கத்தை அவர் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

அண்ணனின் மகன் வைத்திருப்பது புது பைக். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் புது பைக்குகளில் கார்புரேட்டர் கிட்டத்தட்ட காணாமல் போனது. பெட்ரோல் அளவைச் சென்சார் பார்த்துக்கொள்கிறது. பட்டனை அமுக்கினால் கிளம்பும். “அதுல மனுசனுக்கு என்னடா வேலை?” என்று அண்ணன் அந்த வண்டியின் பக்கமே போவதில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் 30 கிலோமீட்டர். அவசரமென்றால் பஸ் ஏறிவிடுங்கள். “இப்பத்தான் டியூன் பண்ணேன், உக்காரு” என்று அண்ணன் அழைத்து நீங்களும் ஏறிவிட்டால், வழியில் பேரளி தாண்டுமுன் வண்டி ஓரம்கட்டும். கழற்றிய பிளக்கைப் பிடித்துக்கொள்ளும் வேலை உங்களுக்குத்தான். நன்றாகச் சுடும், கையோடு ஒரு துணி கொண்டு போங்கள்.