முதல் பக்கத்துக்கு முன்பணம்

மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அங்கே ஒரு கடைக்காரரின் வெப்சைட்டுக்குத்தான் கூகுளில் இடம் கிடைக்கவில்லை. "முதல் பக்கம் கேரண்டிண்ணே, பாதி அட்வான்ஸ் போதும்" என்கிறார் சைட் கட்டிக்கொடுத்த தம்பி. காசுக்குத் தேடல் வரிசையில் ஏற்றுவதில்லை என்று கூகுளே சொல்கிறது. தம்பிக்கு மட்டும் தனி வாசல் போலும். பேக்கேஜில் 50 மெட்டா கீவேர்டுகள் வேறு. அவற்றைச் சீண்டுவதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்தாயிற்று. கூகுளின் சர்ச் கன்சோலில் சைட்மேப் கொடுப்பது இலவசம். அதனாலேயே அண்ணாச்சிக்கு அதில் நம்பிக்கை இல்லை. இத்தனைக்கும் வேர்ட்பிரஸ் செட்டிங்கில், 'தேடுபொறிகள் இந்தப் பக்கம் வர வேண்டாம்' என்ற பெட்டியில் டிக் அப்படியே இருக்கிறது. போட்டவர் தம்பிதான். எடுக்கத் தனி ரேட்டாம்.