கை மாறிய புதினா

வாடே பேராண்டி, காலேஜுப் புலியே! கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்குற ரெண்டு மூலக்கூறுக்கும் ஒரே பார்முலா, ஒரே எடை, ஒரே கொதிநிலை, அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்னு கேட்டியே. உன் காலுக்குக் கீழ குனிஞ்சு பாரு. ரெண்டு செருப்பும் ஒரே தோலு, ஒரே வாரு, ஒரே எடைதான். இடம் வலம் மாத்தி மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துட்டு வா. மிச்சத்தை உன் சுண்டுவிரல் சொல்லும்.

நம்பலையா? கொல்லையில புதினா கிடக்கு, ஒரு இலையைக் கசக்கி மோந்து பாரு. அப்படியே பாட்டியோட மருந்து டப்பாவுல சதகுப்பை இருக்கும், அதையும் மோந்து பாரு. சின்னப்பிள்ளையில உன் வாயில ஊத்துன கிரைப் வாட்டர் வாசம் வரும். ரெண்டுலயும் தூக்கலா மணக்குற சரக்கு கார்வோன்தான். புதினாவுல இருக்குறது இடது, சதகுப்பையில இருக்குறது வலது. பீஸ் கட்டாத மூக்கு பிரிச்சுச் சொல்லிடுது, நீ மார்க் ஷீட்டோட முழிக்கிறே.

இப்படி இடது வலதைக் கண்ணால பிரிச்சுக் காட்டுனது லூயி பாஸ்டர். 1848, பாரிஸ், வயசு 25. திராட்சை ரசப் பீப்பாயில படியுற டார்டாரிக் அமிலம், ஒரே தளத்துல அதிருற ஒளியை வலப்பக்கம் திருப்பும். அதே பார்முலா உள்ள இன்னொண்ணு திருப்பவே திருப்பாது. பாஸ்டர் அதோட உப்பைப் படிகமாக்கிப் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தா, பாதிப் படிகத்துக்கு ஓரம் இப்படிச் சாஞ்சிருக்கு, பாதிக்கு அப்படி. இடுக்கியால பொறுக்கி ரெண்டு குவியலாக்கிக் கரைச்சா, ஒண்ணு வலது, இன்னொண்ணு இடது. கலந்து கிடந்தப்ப ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டது, அம்புட்டுதான். 74 வயசு இயற்பியல் விஞ்ஞானி பியோ மட்டும் நம்பலை. தன் சரக்கைக் கொடுத்துத் தன் கண்ணெதிர செய்ய வச்சு, கரைசலைத் தானே கலக்கிப் பார்த்தப்புறம்தான் பையன் கையைப் பிடிச்சாரு. கிழவன்னா அப்படி இருக்கணும்டே, என்னைச் சந்தேகப் பிராணிங்கிறியே! நம்ம வீட்டுப் புளியில இருக்குறதும் அந்த வலது அமிலம்தான்.

தாலிடமைடுங்கிற மருந்தோட கதையில மட்டும் கேலி கிடையாது. அதுவும் இடது வலது கலந்த சரக்குதான். 1957ல ஜெர்மனியில வித்தாங்க, கர்ப்பிணிகள் குமட்டலுக்கு முழுங்குனாங்க. கைகால் குறைஞ்சு ஆயிரக்கணக்குல பிள்ளைக பிறந்து, 1961லதான் நிறுத்துனாங்க. நல்ல பக்கத்தை மட்டும் பிரிச்சுக் கொடுத்திருக்கலாமேன்னு பரீட்சையில எழுதிப்புடாதே. உடம்புக்குள்ள போனா ஒண்ணு மத்ததா மாறிக்கும்.

உன் மூக்கொழுகலுக்கு வாங்குன லிவோசெட்ரிசின் அட்டையைத் திருப்பு, 5 மி.கி.ன்னு இருக்கும். பழைய செட்ரிசின் 10 மி.கி. வேலை செய்யுற இடது பாதியை மட்டும் வச்சுக்கிட்டாங்க. இந்த ரெண்டுல எந்த மாத்திரையானாலும் கண்ணு சொக்கலாம். போட்டுட்டு பைக் சாவியைத் தொடாதே.