ஒரு நூலுக்கும் குறைவு

கிட்டாரின் மேல்பலகை இரண்டரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் கனம் இருந்தால் நல்லது. எங்கள் தெரு ஆசாரியிடம் சொன்னேன். தச்சுக் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். மனசுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு நூல்கூட வரலையே சார், பேசாம அப்பளத்துல செஞ்சிருங்க" என்றார்.

அப்பளமானாலும் கனம் பார்த்தாக வேண்டுமே! ஓரத்தை எந்த ஸ்கேலும் அளக்கும், பலகையின் நடுவை? பிளைவுட் துண்டை 'ப' வடிவில் அறுத்தேன். ஒரு கால் நுனியில் மழுங்கிய ஆணி, எதிர்க்காலில் டயல் கேஜ். பலகையை இடையில் நுழைத்தால் முள் நகர்ந்து சொல்லிவிடும். கடையில் இதற்குக் கேட்ட விலைக்கு ஒரு கிட்டாரே வாங்கலாம். வாங்கினால் அப்புறம் பொழுதுக்கு என்ன செய்வது?

மெட்டுக்கு இடம் குறித்ததைச் சரிபார்க்கக் காகித நாடா போதும். தந்தி நீளத்துக்கு வெட்டி இரண்டாக மடித்தால், மடிப்பில் 12ஆம் மெட்டு. கலீலியோவின் அப்பா வின்சென்சோ, லூட் வாசித்தவர், 1581இல் வந்த புத்தகத்தில் வேறு வழி சொன்னார்: மிச்ச நீளத்தில் 18இல் ஒரு பங்கை ஒவ்வொரு மெட்டுக்கும் கழித்துக்கொண்டே போ. 650 மில்லிமீட்டர் தந்தியில் அப்படிப் போனால் 12ஆம் மெட்டு பாதிக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் முன்னாலேயே உட்கார்ந்துவிடும். இப்போது 17.817ஆல் வகுக்கிறார்கள். சூரியனை நடுவில் வைக்கப் பிள்ளை சண்டை போட்டார். அப்பாவின் மெட்டு நடுவுக்கு வரவில்லை.

பெட்டியின் உள்ளகலத்துக்கு இரண்டு மூங்கில் குச்சிகள். சேர்த்துப் பிடித்து, இரு பக்கமும் இடிக்கும்வரை நகர்த்தி, ரப்பர் பாண்ட் போட வேண்டியதுதான். எத்தனை மில்லிமீட்டர் என்று யாரும் கேட்கக் கூடாது. குறுக்குச் சட்டம் பொருந்தினால் சரி, எண் எதற்கு?

ஆனால் தந்தி உயரத்துக்கு எண் வேண்டும். ஸ்டீல் தந்தி 12ஆம் மெட்டுக்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் சுமாருக்கு ஓடினால் விரல் பிழைக்கும். இடையில் செருகிப் பார்க்கக் கல்யாணப் பத்திரிகைகளைப் போல உத்தமமான சாமான் கிடையாது. ஒவ்வொன்றையும் டயல் கேஜில் வைத்துக் கனத்தை மூலையில் எழுதியிருக்கிறேன். மஞ்சள் நீராட்டு மெல்லிசு, கிரகப்பிரவேசம் நடுத்தரம், கல்யாணம் ஆளைப் பொறுத்தது.

போன வாரம் மாமா ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் தாம்பாளத்தோடு வந்தார். மனைவி முகூர்த்த நேரம் பார்த்தாள். நான் பத்திரிகையை இரு விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்த்து, "நல்ல கனம் மாமா" என்றேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சம்பந்தி பெரிய இடம் மாப்ளே. விட்டுக்கொடுக்க முடியுமா?"