வாடைக்காற்றுக்கு விசா வேண்டாம்

டிசம்பர் விடுமுறைக்கு மலேசியா போகிறோம். கடல் குளிக்கப் பெர்ஹெந்தியான் தீவு எப்படி?
*வாசகர், சாய்ந்தமருது*

அருமையான தீவு, திறந்திருந்தால்! கல்முனையில் உங்கள் குடையைப் பிடுங்கும் அதே வடகீழ்ப் பருவக்காற்று உங்களுக்கு முன்னமே, விசாவும் இல்லாமல், அங்கே போய் இறங்கியிருக்கும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை அங்குள்ள விடுதிகள் பெரும்பாலும் பூட்டு. வெயில் வேண்டுமென்றால் மேற்குக் கரைக்கு, லங்காவிக்குப் போங்கள். இல்லையேல் ஜூன் மட்டும் பொறுங்கள். ஆனால் ஜூனில் வெள்ளைக்காரர்களே அறுகம்பைக்கு வந்து அலைச்சறுக்கு விளையாடுகிறார்கள். நீங்கள் ஏன் காசு கொடுத்து எதிர்த்திசையில் ஓடுகிறீர்கள்?

எனக்கு மலாயும் வராது, இங்கிலீசும் வராது. சாப்பாட்டுக்கு?
*வாசகர், மருதமுனை*

பசி வருமல்லவா, போதும். பினாங்கின் பேர்போன நாசி கண்டார், தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சுமந்து விற்ற சோறும் கறியும்தான். தமிழிலேயே கேளுங்கள். விலையை மட்டும் உட்காருமுன் கேளுங்கள்.

பினாங்கில் உம்மாவுக்கு எதைக் காட்டலாம்?
*வாசகி, கல்முனைக்குடி*

நாகூர் தர்காவை! சூலியா தெருவில் இருக்கிறது. 1800களின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. உங்கள் கடற்கரைப் பள்ளியில் யார் நினைவாகக் கொடியேறுகிறதோ, அந்த ஷாகுல் ஹமீது வலியுல்லாவின் பெயரில்தான் அதுவும். உம்மாதான் உங்களுக்கு விளக்கம் சொல்லப்போகிறார். சிங்கப்பூர் வழியாகத் திரும்பினால் தெலோக் ஆயர் தெருவில் இன்னொன்றும் உண்டு. அது 1830இல் கட்டி முடிந்தது.