செவுரு வீக், சார்

ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு மேலே மாட்டியிருந்த பால்கனி வலையின் கொக்கி போன வாரம் கழன்றது. தனியாகக் கழலவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு சிமென்ட் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வலையிலேயே தொங்கியது. வலை தளர்ந்த மூலை வழியாக உள்ளே வந்த புறா ஒன்று, திரும்பிப் போக வழி தெரியாமல் வலைக்கும் கண்ணாடிக் கதவுக்கும் நடுவே உலாத்திக்கொண்டு கட்டுரைக்காரரை முறைத்தது. புறா வரக்கூடாது என்று காசு கொடுத்துக் கட்டிய வலை, புறாவை உள்ளே வைத்துக் காபந்து பண்ணுகிறது.

வலை மாட்டியவரைக் கூப்பிட்டார். அவர் வந்து அண்ணாந்து பார்த்து, ஒரே வரியில் தீர்ப்பு எழுதினார்.

"செவுரு வீக், சார்."

பூசிய சுவரில் வலையை எப்படி உறுதியாக மாட்டுவது என்பதை இந்தக் கட்டுரை சொல்லத்தான் போகிறது. அதற்கு முன்னால் இந்த 'செவுரு வீக்' பற்றி இரண்டு வார்த்தை.

சென்னை அடுக்குமாடிகளில் டிரில்லிங் மெஷின் பிடித்த ஒவ்வொருவரும் இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் தொழிலுக்கு வருகிறார்கள். கர்ட்டன் ராடு மாட்ட வந்தவர் சொன்னார். வாட்டர் ப்யூரிஃபையர்காரர் சொன்னார். டிவிக்கு ஸ்டாண்டு அடித்தவர், முதலில் சுவரை விரல் கணுவால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, நெஞ்சுச் சளியைக் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சொன்னார். கீசர் மாட்ட வந்தவர் எதையும் தட்டவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். ஓட்டை நேராக விழுந்தால் அது அவர் கைராசி. கோணலாக விழுந்தால் செவுரு வீக். ஓட்டை பெரிசாகி பிளக் லொடலொட என்று ஆடினாலும் செவுரு வீக். அப்புறம் தீக்குச்சியை ஒடித்து இடுக்கில் சொருகுவார்கள். தீக்குச்சி இல்லையென்றால் தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கு. மேலே கொஞ்சம் ஒயிட் சிமென்ட். "இனி யானை வந்து தொங்கினாலும் அசையாது சார்." தொங்குவது யானை இல்லை என்பதுதான் சிக்கல். மொட்டை மாடியைத் தாண்டி வரும் ஆடிக் காற்று தொங்குகிறது. இத்தனை பேர் வீக் என்று ஒதுக்கிய அதே சுவர்தான் 2015 டிசம்பர் மழையிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நின்றது. அதை யாரிடம் சொல்வது? டிரில்லிங் மெஷின் ஓடும்போது எதிராளி பேசுவது கேட்காது.

இதற்கு மருந்து கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவரைப் பாழாக்காமல் மின்சாரச் சாமான்களைப் பொருத்த வேண்டியிருந்தது. வேலையை எடுத்த ஜான் ஜோசப் ராலிங்ஸ், சணல் நாரைப் பசை போட்டு இறுக்கிச் சின்னக் குழலாக்கி ஓட்டைக்குள் விட்டு, அதற்குள் திருகாணியை முறுக்கினார். 1911இல் காப்புரிமைக்கு மனுப்போட்டார். ஹார்டுவேர் கடையில் நாம் கேட்டு வாங்கும் ராவல் பிளக் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1958இல் ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். சுவரைத் திட்டிவிட்டு இருவரில் ஒருவரும் வீட்டுக்குப் போய்விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கழன்று தொங்கிய கொக்கியைக் கட்டுரைக்காரர் கையில் எடுத்துப் பார்த்தார். பிளக்கின் நீளம் முழுக்கப் பூச்சிலேயே உட்கார்ந்திருந்தது. அதன் நுனியில் செங்கல்லின் சிவப்புத் தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை. வெளிப்பூச்சு கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் கனம். அது சுவர் போட்டிருக்கும் சட்டை. பிளக் அதைத் தாண்டிப் போய்ச் செங்கல்லைக் கடிக்க வேண்டும். பூச்சு செங்கல்லை விட்டு உப்பியிருக்கும் இடத்தில் தட்டினால் டொப்பென்று சத்தம் வரும், அங்கே மெஷினை வைக்கவே கூடாது. சிலாப் விளிம்பை ஒட்டித் துளைத்தால் மூலையே தெறிக்கும். துளைத்த தூளை ஊதி வெளியேற்றாமல் பிளக்கைத் திணித்தால் அது மாவுக்குள் நிற்கும். இதெல்லாம் வந்தவருக்கும் தெரியும். ஆனால் கூலி சதுர அடிக் கணக்கு. ஓட்டையின் ஆழத்துக்குத் தனியாக ரேட் கிடையாது.

புறாவைப் பற்றியும் நாம் மட்டமாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாசலில் இருந்த துடைப்பத்திலிருந்து நாலு ஈர்க்கு, ஒரு கேபிள் டை, அரை முழம் ஒயர், இவ்வளவுதான் அது கட்டும் வீடு. அதில் இரண்டு முட்டை. 18 நாளில் குஞ்சு. இதைப் பார்த்து அதற்கு மூளை கம்மி என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஜப்பானில் ஷிகெரு வாதனபே குழுவினர் புறாக்களைப் பழக்கி, மொனே வரைந்த படம் எது, பிகாசோ வரைந்தது எது என்று பிரித்துக் காட்ட வைத்து, 1995இல் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். பிகாசோவை அடையாளம் காண்கிற பறவைக்கு வலையில் எந்த மூலை தளர்ந்திருக்கிறது என்று தெரியாதா?

வலை வேண்டாம், முள் வைக்கலாம் என்றார் அசோசியேஷன் செயலாளர். ஆணி ஆணியாக நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் பட்டை. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் பறவை உட்காராமல் இருக்க ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இதே முள்ளை ஒட்டிவைத்திருந்தார்கள். மாக்பை என்கிற, காக்கைக்குப் பங்காளியான பறவை அந்தப் பட்டைகளைப் பிய்த்து எடுத்துப்போய்த் தன் கூட்டுக்கே வேலி போட்டுக்கொண்டது. ஒரே கூட்டில் சுமார் 1,500 முள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2023இல் இதை வெளியிட்டார்கள். செயலாளரிடம் சொன்னதற்கு, "அது ஃபாரின் பறவை சார்" என்றார்.

உதிர்ந்த பூச்சை ஒட்டிவைக்க இந்த ஊரில் சுதை வேலைக்குப் பஞ்சமா என்ன? கோயில் கோபுரத்தில் துவாரபாலகர் தோளிலும் யாளியின் வாயிலும் புறா குடும்பம் நடத்துகிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, கும்பாபிஷேகத்துக்கு முன்னால், ஸ்தபதி சாரம் கட்டி ஏறி உடைந்த விரலையும் மூக்கையும் சரிபண்ணிவிடுவார். அடுக்குமாடிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போதாததற்குக் கீழ்வீட்டு மாமி தினம் காலையில் புறாவுக்குக் கம்பு இறைக்கிறார். "வாயில்லா ஜீவன், பாவம்" என்கிறார். மாமி வீட்டு பால்கனிக்கும் வலை உண்டு. அவர் வீட்டுக் கொக்கி மட்டும் கழலவே இல்லை.

பெயர்ந்த இடத்தில் செங்கல் தெரிகிறது. மழைக்கு முன்னால் அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, படுக்கையறைப் பக்கம் பூத்துவிடும். இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டபோதுதான் செயலாளர் வாட்ஸாப்பில் சுற்றறிக்கை போட்டார். ஒன்று, வெளிச்சுவர் பொதுச்சொத்து, அனுமதியில்லாமல் ஓட்டை போடக்கூடாது. இரண்டு, பழுது அவரவர் செலவு. மூன்று, அடுத்த மாதம் வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கச் சாரம் கட்டுகிறார்கள், எல்லா வீட்டு வலையையும் கழற்ற வேண்டும்.

கட்டுரைக்காரர் அதை வலைக்காரரிடம் காட்டினார். படித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"கழட்டித் தந்துடறேன் சார். மறுபடி மாட்டுறப்ப பழைய ஓட்டை செட் ஆகாது, பக்கத்துல புதுசா போட்டுக்கலாம்."